சம்ப்பில் பவளம் வளர்க்க எந்த விளக்கு? மூன்று விளக்குகள் மாற்றிப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

பவளத் தொட்டிக்குக் கீழே இருக்கும் கேபினெட்டின் கதவைத் திறந்து, மண்டியிட்டுத் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பவளத் துண்டுகளை அடுக்கும் ரேக்கின் நடுவில் இருந்த ஆரஞ்சு மான்டிபோரா பவளத் துண்டின் மேல்பக்கத்தில், சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளைப் பொட்டு. அதே ரேக்கின் மூலையில், ஒரு சாணுக்குச் சற்று மேல் தள்ளி, அதே தாய்ப் பவளத்திலிருந்து அதே நாளில் வெட்டிய இன்னொரு துண்டு அழுக்குப் பழுப்பாகிக் கொண்டிருந்தது. ஒன்று வெளிச்சம் தாங்காமல் வெளுத்தது, மற்றது வெளிச்சம் போதாமல் பழுப்பேறியது. இரண்டுக்கும் மேலே தொங்கியது ஒரே விளக்கு.

அந்த விளக்கு மோசமான விளக்கு இல்லை. மேல் டேங்கில் இரண்டு வருடம் நன்றாக வேலை செய்தது. சம்ப்புக்குள், அதாவது மேல் டேங்கின் தண்ணீர் வடிந்து சுத்தமாகித் திரும்ப மேலேறும் கீழ்த்தொட்டிக்குள், வந்ததும் ஏன் இப்படி ஆனது, அதற்கு முன் என்ன தப்பு செய்தேன், பிறகு எதில் போய் நின்றேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். சம்ப்பில் ஃப்ராக், அதாவது வெட்டிய பவளத் துண்டு, வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது “எத்தனை வாட் போடலாம்?” என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

இடமும் அளவும்

மேலே இருப்பது 120 செ.மீ நீளம், 50 செ.மீ அகலமுள்ள கலப்புப் பவளத் தொட்டி. மூன்று வருடத்தில் பாறை நிரம்பிவிட்டது. ஹாமர் பவளத்தின் கிளை ஒன்று உடைந்தால் வைக்க இடமில்லை. மான்டிபோரா தட்டுபோல் விரிந்து கீழே இருந்த, பூப்போன்ற சின்ன உயிர்களான ஜோவாந்திடுகளை நிழலில் தள்ளியது. வெட்டிய துண்டுகளுக்கென்று தனித் தொட்டி வைத்தால் இன்னொரு ஹீட்டர், இன்னொரு பம்ப், வாராவாரம் இன்னொரு நீர்மாற்றம். கீழே சம்ப்பிலோ அதே தண்ணீர், அதே உப்புச் செறிவு, அதே கால்சியம், அதே ஆல்கலினிட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லாதது வெளிச்சம் மட்டும்தான்.

சம்ப் 90 செ.மீ நீளம், 38 செ.மீ அகலம். முதல் அறை 25 செ.மீ, அதில் வடிகுழாயும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும். நடு அறை 45 செ.மீ, முன்பு பாசி வளர்த்த இடம். கடைசி 20 செ.மீ, தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்புக்கு. நடு அறையில் நீர் ஆழம் 24 செ.மீ. நீர்மட்டத்திலிருந்து சம்ப் விளிம்புக்கு 16 செ.மீ, விளிம்பிலிருந்து கேபினெட் கூரைக்கு 26 செ.மீ. ரேக்கில் வைத்த துண்டுகளின் தலை, நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 13 செ.மீ ஆழத்தில் இருக்கும்.

விளக்கு பார்க்கப் போகும் முன் ஒரு கணக்கு போட்டாக வேண்டும். கரண்ட் போனால் அல்லது பம்ப் நின்றால் மேல் டேங்கிலிருந்து தண்ணீர் கீழே வடியும். எனக்கு மேல் மட்டம் 2.5 செ.மீ இறங்குகிறது. 120 x 50 பரப்பில் அது 15 லிட்டர், குழாயில் நிற்பது ஏறக்குறைய 2 லிட்டர், ஆக 17. ரிட்டர்ன் அறையின் மட்டம் தடுப்புக்கண்ணாடியை விட 5 செ.மீ தாழ்வாக இருப்பதால் முதலில் அங்கே 4 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நிரம்பும். மீதி 13 லிட்டர் சம்ப் முழுவதும் பரவினால் ஏற்றம் 4 செ.மீ. அலையும் தெறிப்பும் சேர்த்து இன்னொரு 4 செ.மீ விட்டேன். விளக்கின் அடிப்பாகம் எந்தக் காரணம் கொண்டும் நீர்மட்டத்துக்கு மேலே 8 செ.மீ-க்குக் குறைவான உயரத்துக்கு இறங்கக் கூடாது. கிளிப் போட்டு விளிம்பில் மாட்டும் விளக்குகள் பலவற்றைப் பார்த்தால், தண்ணீரை முத்தமிடும் உயரத்தில் தொங்கும். பம்ப் ஓடும்வரை சரி. பம்ப் நின்றால் விளக்கு குளித்துவிடும்.

இந்த அளவுகளிலேயே சிக்கல் முழுவதும் இருக்கிறது, அப்போது எனக்குத் தெரியவில்லை. மேல் டேங்கில் விளக்கு நீருக்கு 25 செ.மீ மேலே, பவளங்கள் 15 முதல் 45 செ.மீ ஆழத்தில். வெளிச்சம் விரிந்து ஒன்றோடொன்று கலக்க 40 முதல் 70 செ.மீ தூரம் கிடைக்கிறது. சம்ப்பில் அந்தத் தூரம் 30 செ.மீ-யைச் சுற்றித்தான். 13 செ.மீ தண்ணீர் நீல ஒளியைக் குறைப்பதெல்லாம் கணக்கிலேயே வராத அளவு. ஆக, சம்ப்பில் வெளிச்சத்துக்குப் பஞ்சம் வரப் போவதில்லை. தூரத்துக்குத்தான் பஞ்சம்.

முதல் விளக்கு: பாசிக்கு வாங்கியது

நடு அறையில் முன்பு கீட்டோ பாசி உருண்டை ஒன்று இருந்தது. அதற்கு வாங்கிய ஊதாநிறச் செடி விளக்கும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. இருக்கிற விளக்கு இருக்கட்டும் என்று பாசியை எடுத்துவிட்டு, ரேக்கை வைத்து, ஆறு ஜோவாந்திட் துண்டுகளையும் இரண்டு மான்டிபோரா துண்டுகளையும் அடுக்கினேன்.

நண்பர் ஒருவரிடம் பார் மீட்டர் இருந்தது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களை எண்ணும் கருவி. ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்று காட்டும், அந்த எண்ணைத்தான் நாம் சுருக்கமாக ‘பார்’ என்கிறோம். இரவல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தால் ரேக்கில் 150. மேல் டேங்கில் இதே ஜோவாந்திடுகள் 120-150-ல்தான் கொழுத்துக் கிடந்தன. அப்புறம் என்ன கவலை என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரத்தில் ஜோவாந்திடுகள் கழுத்தை நீட்டி வெளிறின. மான்டிபோராவின் ஆரஞ்சு மங்கியது. துண்டுகளை ஒட்டி வைத்த பிளக்குகளைச் சுற்றி மட்டும் பச்சைப் பாசி தலைமுடி மாதிரி தழைத்தது. பாசி விளக்கு பாசியை வளர்த்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது!

மீட்டர் பொய் சொல்லவில்லை. அதற்கு 660-ல் வரும் சிவப்புத் துகளும் ஒன்றுதான், 450-ல் வரும் நீலத் துகளும் ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் சொல்லும். பவளத்துக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே நுண்பாசிகளுக்கு அப்படி இல்லை. அவற்றின் குளோரோஃபில் ஏ, குளோரோஃபில் சி2, பெரிடினின் என்ற மூன்று நிறமிகளும் பிரதானமாக நீலத்திலிருந்து நீலப்பச்சை வரை உள்ள ஒளியை உறிஞ்சுபவை. குளோரோஃபில் ஏ சிவப்பையும் உறிஞ்சும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடல்நீர் சிவப்பைச் சீக்கிரம் விழுங்கிவிடும். ஆழம் கூடக் கூடப் பவளத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீலம்தான், காலங்காலமாக அது பழகியது அந்த ஒளிக்கு.

2014-ல் ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டா என்ற பவளத்தை நீலம், சிவப்பு, பாதிக்குப் பாதி என்று மூன்று ஒளியில், 128, 256 என்று இரண்டு பார் அளவில் ஆறு வாரம் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. நீலத்தில் வைத்தவைதான் அதிகம் பிழைத்தன. சிவப்பு பயன்படாமல் போனதோடு நிற்கவில்லை, பவளத்தை அழுத்தி வைத்தது என்பதுதான் அவர்கள் முடிவு. இதைப் படித்துவிட்டுச் சிவப்பு நஞ்சு என்று ஓட வேண்டாம். டேங்க் விளக்குகள் பலவற்றில் கண்ணுக்கு நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் சிவப்பு சேர்த்திருப்பார்கள், அதனால் எதுவும் ஆகாது. பெரும்பங்கு சிவப்பாக இருக்கும் விளக்கைப் பவளத்துக்கு மேல் தொங்கவிடுவதுதான் தப்பு.

பாசியும் பவளமும் ஒரே அறையில், ஒரே விளக்கில் என்ற ஆசை பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. இப்போது யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாசிக்கு ஏற்ற ஒளியில் பவளம் திணறும். நீல ஒளியில் கீட்டோ வளரும், ஆனால் ரேக் மேல் படர்ந்து துண்டுகளை மூடும். இரண்டில் எதற்கு அந்த அறை என்று முடிவெடுத்துவிட்டு விளக்கு வாங்குவது நல்லது.

இரண்டாவது விளக்கு: பலசாலி

மேல் டேங்கில் விளக்கு மாற்றியபோது பழைய 90 வாட் எல்இடி ஒன்று மிச்சமிருந்தது. நடுவில் உள்ளங்கையளவு இடத்தில் எல்லா எல்இடிகளும் குவிந்து, மேலே லென்ஸ் போட்ட வகை. நல்ல நீலம், டிம்மர், டைமர் எல்லாம் உண்டு. நீருக்கு 15 செ.மீ மேலே மாட்டி, முப்பது சதவீதத்தில் ஓடவிட்டேன். கண்ணுக்கு அருமையாக இருந்தது. ஜோவாந்திடுகள் ஒரு வாரத்தில் தேறின.

மூன்றாவது வாரம்தான் அந்த வெள்ளைப் பொட்டு.

மீட்டரை மறுபடியும் இரவல் வாங்கினேன். கொடுக்கும்போதே நண்பர் சொன்னார்: “நடுவுல மட்டும் அளந்துட்டு வந்துடாதீங்க சார். போன தடவை அதைத்தான் செஞ்சீங்க.” உண்மைதான். இந்த முறை ரேக்கை மூன்றுக்கு மூன்றாகப் பிரித்து ஒன்பது புள்ளிகளில் உணரியை வைத்தேன். நடுவில் 390. பக்கங்களின் மையத்தில் 150-லிருந்து 190 வரை. நான்கு மூலைகளிலும் 65-க்கு முன்பின்.

நடுவுக்கும் மூலைக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். நடுவில் வைத்த மான்டிபோரா சம்ப்புக்கு வரும்முன் மேல் டேங்கில் 180-ல் இருந்தது. பாசி விளக்கின் கீழ் ஏற்கெனவே நலிந்திருந்ததை ஒரே நாளில் 390-க்குக் கொண்டுபோனது நான். அளவுக்கு மேல் ஒளி வந்தால் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தேங்கிப்போய், ஆக்ஸிஜனின் தீங்கான வடிவங்கள் பவளத் திசுவில் சேரும். பவளம் நுண்பாசியை வெளியே தள்ளும், வெளுப்பது அதனால்தான். மூலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. வெளிச்சம் குறைந்தால் கிடைக்கும் ஒளியைப் பிடிக்க நுண்பாசியும் அதன் நிறமிகளும் பெருகும். அந்த நிறமிகள் பழுப்பு, அதனால் பவளமும் பழுப்பு.

டிம்மரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. குறைத்தேன். நடுவில் 150 வந்தது, மூலை 25-க்கு இறங்கியது. டிம்மர் எல்லாப் புள்ளியையும் ஒரே விகிதத்தில்தான் இறக்கும். மேடு பள்ளத்தை அது சமன் செய்யாது. பருப்பை நீர்க்க வைத்தாலும் அடியில் பிடித்தது பிடித்ததுதான்.

சமன் செய்ய இரண்டு வழி. ஒன்று, விளக்கை உயர்த்துவது. கூரை வரை தூக்கினால் நீருக்கு மேல் 42 செ.மீ இருக்கிறது, ஆனால் விளக்கின் உடல், வெப்பத்தகடு, அதன் மேல் காற்றுப்போக்கு எல்லாம் போக நிகரமாக 28 செ.மீ-தான் கிடைத்தது. அங்கே வைத்தபோது வித்தியாசம் ஆறிலிருந்து மூன்று மடங்காகக் குறைந்தது. ஆனால் வெளிச்சம் சம்ப் முழுவதும் சிதறி, ஸ்கிம்மர் உடம்பிலும் ரிட்டர்ன் பம்பிலும் பாசி பிடிக்கத் தொடங்கியது. போதாக்குறைக்கு விளக்கின் விசிறி மூடிய கேபினெட்டின் உப்பு ஈரக்காற்றை உள்ளிழுத்து, இரண்டு வாரத்தில் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டாவது வழி, ஒளி ஒரு புள்ளியிலிருந்து வராமல் ஒரு பரப்பிலிருந்து வரும் விளக்கை எடுப்பது.

இந்த இடத்தில் கொஞ்சம் வடிவியல் பேச வேண்டும். லென்ஸ் இல்லாத சாதாரண எல்இடி சுமார் 120 பாகைக்கு விரியும். 20 செ.மீ தூரத்தில் அந்தக் கூம்பின் அகலம் ஏறக்குறைய 69 செ.மீ. 90 பாகை லென்ஸ் போட்டால் அதே தூரத்தில் 40 செ.மீ மட்டும். ஆழமான தொட்டியில் அடிவரை ஒளியைக் கொண்டுபோக லென்ஸ் வேண்டும். ஒரு சாண் ஆழத்தில் நிற்கும் ரேக்குக்கு லென்ஸ் வெறும் தொல்லை. வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதற்கு முன்னால், லென்ஸ் உண்டா, எல்இடிகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றனவா, பரந்து நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல்வேன். அந்தக் கேள்விக்குப் பெட்டியின் மேல் பதில் இருக்காது. விளக்கைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவதற்குத் தேடியபோது

மெட்டல் ஹாலைடு விளக்கை முதலிலேயே தள்ளிவிட்டேன். மூடிய பெட்டிக்குள் அந்தச் சூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

டி5 குழல்விளக்கு உண்மையிலேயே ஆசை காட்டியது. சமமான ஒளி என்றால் இன்றும் குழல்விளக்குதான், நீளம் முழுவதும் ஒளிர்வதால் நடு, ஓரம் என்ற பேச்சே குறைவு. 24 வாட் குழல் 55 செ.மீ நீளம். என் அறை 45 செ.மீ. இரு முனையும் பக்கத்து அறைகளுக்குள் நீண்டு, தேவையில்லாத இடத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். இன்னொன்று, டி5 குழல் தன் முழு ஒளியைத் தருவது சுற்றுக்காற்று 35 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது. மூடிய கேபினெட்டில் குழலுக்கு அருகே அதைத் தாண்டிவிட்டால் ஒளி குறையத் தொடங்கும். ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் குழலையும் மாற்ற வேண்டும். திறந்த சம்ப், தாராளமான இடம் என்றால் நான் இன்றும் டி5-ஐத்தான் சொல்வேன். எனக்கு அந்த வசதி இல்லை.

கடைசியில் எடுத்தது 40 செ.மீ நீளமுள்ள இரண்டு எல்இடி பட்டைகள். ஒவ்வொன்றும் சுமார் 20 வாட். லென்ஸ் கிடையாது, எல்இடிகள் நீளவாக்கில் வரிசையாக. பெரும்பாலும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம், இடையிடையே கொஞ்சம் வயலெட், நாலைந்து வெள்ளை. முழுவதும் அடைத்துச் சீல் வைத்த ஐபி67 வகை, விசிறி கிடையாது, அலுமினிய உடம்பே வெப்பத்தை வெளியேற்றும். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டி தனியாக நீண்ட வயரில் வருகிறது, அதைக் கேபினெட்டுக்கு வெளியே வைக்க முடிந்தது. எனக்கு இந்தக் கடைசி விஷயம் பாதி முடிவைத் தீர்மானித்தது. மின்னிணைப்பில் கெட்டுப்போவது பெரும்பாலும் டிரைவரும் பிளக்கும்தான். அவை இரண்டும் உப்புக்காற்றில் இல்லை என்றால் பாதி நிம்மதி.

இரண்டு பட்டைகளையும் 20 செ.மீ இடைவெளியில், நீருக்கு 18 செ.மீ மேலே, கூரையிலிருந்து இறங்கும் இரண்டு கம்பிகளில் மாட்டினேன். முழு வெளிச்சத்தில் ஒன்பது புள்ளிகளையும் அளந்தேன். நடுவில் 135. பக்க மையங்கள் 115-லிருந்து 120. மூலைகள் 85-லிருந்து 90. ஆறு மடங்காக இருந்த வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே வந்து நின்றது.

பழைய 90 வாட் விளக்கைவிடத் திறனில் பாதிக்கும் குறைவு. நடுவில் விழுவதும் குறைவு. ஆனால் ரேக்கின் எந்த மூலையில் எதை வைத்தாலும் உயிரோடு இருக்கும் முதல் விளக்கு இதுதான்.

அளவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. பார் மீட்டர் கிடைக்காதபோது பலர் லக்ஸ் மீட்டரையோ கைப்பேசியையோ வைத்துப் பார்க்கிறார்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்ற அளவு. கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் உச்சம். 450 நீலத்துக்கு அது கொடுக்கும் மதிப்பு அதில் நூற்றில் நான்கு பங்கு. நீல விளக்கின் கீழ் லக்ஸ் மீட்டர் ‘மங்கல்’ என்று சொல்லும்போது பவளம் கருகிக்கொண்டிருக்கலாம். பழைய வகைப் பார் மீட்டர்களும் நீலத்தைக் குறைத்தே காட்டும். இரவல் வாங்குவதானால் எல்இடிக்குப் பொருந்தும், நீருக்கடியில் வைக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். நான் பயன்படுத்தியது அப்போஜி எம்க்யூ-510. ஒரு நாள் இரவல் போதும், வருடம் முழுவதும் வைத்திருக்க வேண்டியதில்லை.

வெளிச்சம் போகக் கூடாத இடங்கள்

விளக்கைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடியவில்லை. வெளிச்சத்தை அந்த அறைக்குள்ளேயே அடைத்து வைப்பதற்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் பிடித்தது.

நடு அறையின் முன்பக்கமும் பின்பக்கமும் வெளியே வெள்ளை அக்ரிலிக் தகடு வைத்தேன். கண்ணாடி வழியாக வெளியேறிய ஒளி திரும்பி வந்து, மூலைகள் 100-ஐத் தொட்டன. ஒரு வாட் கூடச் செலவில்லாமல் கிடைத்த லாபம். ஸ்கிம்மர் பக்கமும் ரிட்டர்ன் பக்கமும் தடுப்புக்கண்ணாடிக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் அட்டையை விளக்கு உயரம் வரை நிறுத்தினேன். ரிட்டர்ன் பம்பின் வாயில் பாசி பிடித்தால் நீரோட்டம் குறையும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது யாருக்கும் பிடித்த வேலை இல்லை.

பிறகு நேரம். மேல் டேங்க் அணைந்தபின் சம்ப் எரிய வேண்டும் என்று இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை பத்து மணி நேரம் வைத்தேன். இரவில் மேலே ஒளிச்சேர்க்கை நின்று கரியமிலவாயு சேரும்போது பிஹெச் இறங்கும், சம்ப்பில் வெளிச்சம் இருந்தால் அந்த இறக்கம் மட்டுப்படும் என்பது கணக்கு. பெரிய பாசி உருண்டை இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். இருபது சொச்சம் சின்ன ஃப்ராக்குகளால் என் பிஹெச் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏதும் இல்லை. அதற்காக இரவு நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எனக்குக் கிடைத்த நிஜமான பயன் வேறு: இரண்டு விளக்குகளின் சூடும் ஒரே நேரத்தில் தண்ணீரில் ஏறுவதில்லை.

கெடுதலும் ஒன்று உண்டு. முதல் இரவே கூடத்திலிருந்து குரல் வந்தது: “என்னங்க, அலமாரிக்குள்ள டிவி ஓடுதா?” கதவு இடுக்கு வழியாக நீல வெளிச்சம் தரை முழுவதும் கோடு போட்டிருந்தது. கதவு விளிம்பில் கறுப்பு ஃபெல்ட் பட்டை ஒட்டி அதை அடைத்தேன். அடைத்ததும் உள்ளே ஈரம் கூடியது. பின்பக்கத்தில் ஒரு சின்ன விசிறியை வெளிநோக்கி மாட்டினேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று எழும், மீன் தொட்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல.

உப்புப்படிவு நினைத்ததைவிடப் பெரிய திருடன். ஆறு வாரம் துடைக்காமல் விட்ட பட்டையின் கீழ் நடுப்புள்ளி 135-க்குப் பதில் 108 காட்டியது. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, பழையபடி 130-க்கு மேல். அதிலிருந்து வாராவாரம் துடைக்கிறேன். ஆறு வாரம் சேர்ந்த உப்பை ஒரே நாளில் துடைத்தால், மங்கலில் பழகிய பவளத்துக்குத் திடீரென்று வெளிச்சம் கூடியதாக ஆகிவிடும்.

மின்சாரம் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன்: 30 மில்லிஆம்ப் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சு இல்லாமல் தண்ணீருக்கு மேல் எந்த விளக்கையும் தொங்கவிடாதீர்கள். பிளக்குக்குப் போகும் வயரைக் கொஞ்சம் கீழே தொய்யவிட்டு மேலேற்றுங்கள், வழியும் சொட்டு பிளக்கில் போய் நிற்காமல் தொய்வில் விழுந்துவிடும்.

விளக்கின் மேல் போட்ட வீண்பழி

மூன்றாவது விளக்கு வந்த இரண்டாம் மாதம், பின்வரிசையில் நான்கு ஜோவாந்திட் துண்டுகள் பத்து நாளாகத் திறக்கவே இல்லை. உடனே விளக்கைச் சந்தேகித்தேன். உயர்த்தினேன், இறக்கினேன், நேரத்தைக் குறைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பார் அங்கே 105, பக்கத்திலேயே அதே 105-ல் மற்றவை பூத்துக் கிடந்தன.

ஒரு நாள் டார்ச் அடித்து, மூக்கு கண்ணாடியில் படும்படி பக்கவாட்டில் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அந்த நான்கின் மேலும் மெல்லிய பழுப்புத் தூசி, மேஜையில் படிவதுபோல் படிந்திருந்தது. சம்ப்பில் தண்ணீர் ஒரே திசையில், மேல்மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போகும். பின்வரிசை தேங்கிய மூலை. மணிக்கு 1500 லிட்டர் தள்ளும் குட்டி அலைபம்ப் ஒன்றை எதிர்மூலையில் கண்ணாடியைப் பார்த்து வைத்தேன். மறுநாள் இரண்டு திறந்தன, வாரக் கடைசிக்குள் நான்கும். ஜோவாந்திடுகளைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. குனிந்து தலையை உள்ளே விட்டு வேலை பார்க்கும் இடத்தில் கண்ணில் தெறிப்பது ரொம்ப எளிது.

ஆறு மாதத்தில்

மூன்று தலையோடு வைத்த ஜோவாந்திட் துண்டு ஒன்று பதினான்கு தலையாகி, பிளக்கைத் தாண்டி ரேக்கில் இறங்கிவிட்டது. மஷ்ரூம் பவளங்கள் மூலையில் வைத்த இடத்திலேயே இரண்டு குட்டி போட்டன. ஹாமர் கிளைகளில் ஒன்று இரண்டாகப் பிரிகிறது. மான்டிபோரா மூலையில் மெதுவாகவும் நடுவில் நன்றாகவும் வளர்கிறது, ஓரத்தில் வளர்ச்சியைக் காட்டும் வெளிர் விளிம்பு தெரிகிறது.

அக்ரோபோரா என்ற கிளைப்பவளம் தோற்றது. இரண்டு துண்டுகள் நடுவில் 135-ல் வைத்தேன். சாகவில்லை, கிளை நுனி கொஞ்சம் நீண்டது, ஆனால் ஊதா நிறம் போய்க் காப்பிப்பொடி நிறத்தில் நின்றன. 200-லிருந்து 350 வரை கேட்கும் பவளத்தை 135-ல் வைத்தால் வேறென்ன ஆகும். நேரத்தைக் கூட்டி ஈடுகட்டலாமா என்றும் கணக்குப் போட்டேன். 135 பாரில் பத்து மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.86 மோல். மேல் டேங்கில் 250 பாரில் எட்டு மணி நேரம் என்றால் 7.2 மோல். அதை எட்ட சம்ப்பில் கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரம் எரிக்க வேண்டும். அது பவளத்தைவிடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம். மூன்றாவது பட்டை போட்டால் 200 வரும், ஆனால் மஷ்ரூம்களுக்கு ஒதுங்க இடமிருக்காது. ஒரே ரேக்கில் எல்லாவற்றையும் வளர்க்கும் ஆசையை அங்கே விட்டேன். அக்ரோ துண்டுகளை மேல் டேங்கின் அடித்தரையில் இரண்டு வாரம், பிறகு நடுப்பாறையில் மூன்று வாரம் என்று படிப்படியாக ஏற்றினேன். இரண்டாவது மாதத்தில் நுனியில் ஊதா எட்டிப்பார்த்தது.

இதே ஏற்றம் எல்லாத் துண்டுகளுக்கும் பொருந்தும். சம்ப்பில் 100-ல் வளர்ந்ததை நேராக மேல் டேங்கின் 250-க்குத் தூக்கிப்போனால், இரண்டாவது விளக்கின் கீழ் நான் செய்த அதே தப்பை மாடியில் திரும்பச் செய்ததாக ஆகும்.

அந்த வெளுத்த மான்டிபோராவை நான் தூக்கி எறியவில்லை. நடுவில் திசு செத்துப்போய் எலும்பு மட்டும் மிஞ்சியது, அதன்மேல் கொஞ்ச நாள் பாசி ஏறியது. இப்போது வலப்பக்க மூலையில், 100-க்குக் கொஞ்சம் கீழே, அதற்கென்று ஓர் இடம். சுற்றிலும் இருந்து ஆரஞ்சுத் திசு வெள்ளையை மூடிக்கொண்டு வருகிறது. நேற்று பார்த்தபோது சுண்டுவிரல் நகத்தளவு மூடாமல் மிச்சமிருந்தது.